காயம் நிறுத்திய ஓட்டம்... தங்கம் வரை உருண்ட பந்து! - லான் பௌல்ஸ் வீராங்கனை லவ்லி சௌபேயின் கதை

2022 ஆகஸ்ட் 2-ம் தேதி. இங்கிலாந்தின் லெமிங்டன் ஸ்பா நகரத்து விக்டோரியா பூங்கா. பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில், லான் பௌல்ஸ் பெண்கள் நால்வர் பிரிவின் இறுதி ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறது. மொத்தம் 15 சுற்றுகள். 12 முடிந்துவிட்டன. ஸ்கோர், இந்தியா 10 - தென்னாப்பிரிக்கா 10.

இந்திய அணியின் நான்கு பெண்களில் ஒருவர் ஜார்க்கண்ட் போலீஸில் கான்ஸ்டபிள். ஒருவர் டெல்லிப் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியை. ஒருவர் அஸ்ஸாம் வனத்துறை ஊழியர். இன்னொருவர் ஜார்க்கண்டின் ராம்கர் மாவட்ட விளையாட்டு அலுவலர். இரண்டு பேருக்கு நாற்பதை ஒட்டிய வயது. மற்ற இருவரும் முப்பதைக் கடந்தவர்கள்.

அடுத்த மூன்று சுற்றுகளில் தென்னாப்பிரிக்காவுக்கு ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை. 12-10, 15-10, 17-10. அவ்வளவுதான். காமன்வெல்த் லான் பௌல்ஸில் இந்தியாவுக்கு முதல் பதக்கம். அதுவும் தங்கப் பதக்கம்!

அன்று இந்தியாவில் பலருக்கு, தங்கம் வென்ற செய்தியும் 'லான் பௌல்ஸ்' என்று ஒரு விளையாட்டு இருக்கிறது என்ற செய்தியும் ஒரே நேரத்தில்தான் வந்து சேர்ந்தன. டிவி-யில் பார்த்தவர்கள், பந்தை உருட்டிவிட்டு அதன் பின்னாலேயே கண்ணை விடாமல் நிற்கும் இந்தப் பெண்களைப் பார்த்து, 'இது என்ன ஆட்டம்?' என்று செல்போனில் தேடினார்கள். அந்தப் பெண்களோ, பத்தாண்டுகளுக்கும் மேலாக அந்த ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தவர்கள்.

அந்த நால்வரில், ஒவ்வொரு சுற்றிலும் இந்தியாவுக்கான முதல் பந்தை உருட்டியவர், ராஞ்சியைச் சேர்ந்த கான்ஸ்டபிள் லவ்லி சௌபே. அவருடைய விளையாட்டு வாழ்க்கை தொடங்கியது பந்தோடு அல்ல... ஓட்டத்தோடு!

முடிந்துபோன முதல் ஆட்டம்

லவ்லி, தடகள வீராங்கனை. 100 மீட்டர் ஓட்டம்தான் அவருடைய களம். 100 மீட்டர் ஓடுபவர்களுக்கு உடம்புதான் முதலீடு. துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் முழு பலத்தையும் காலில் இறக்க வேண்டும். இடுப்பு, தொடை, முழங்கால் எல்லாம் ஒன்றுசேர்ந்து உழைக்க வேண்டும். அதில் ஒன்று மக்கர் செய்தாலும் கதை முடிந்தது.

லவ்லிக்கு மக்கர் செய்தது இடுப்பு. அந்தக் காயத்தோடு ஓட்டப்பந்தய வாழ்க்கைக்கும் முற்றுப்புள்ளி விழுந்தது. அதன்பின் மனச்சோர்வில் இருந்ததை, தங்கம் வென்ற பிறகு கொடுத்த பேட்டியில் அவரே வெளிப்படையாகச் சொன்னார். சின்ன வயதிலிருந்து 'நான் ஓட்டக்காரி' என்று சொல்லிக்கொண்டு வளர்ந்த ஒருவரிடமிருந்து ஓட்டத்தை எடுத்துவிட்டால், மிச்சம் என்ன இருக்கும்?

அந்த நேரத்தில் அவருக்கு வழிகாட்டியவர் மதுகாந்த் பாட்டக். பீகார் கிரிக்கெட்டில் நடுவராக இருந்தவர். ராஞ்சியில் அப்போதுதான் அறிமுகமாகிக்கொண்டிருந்த லான் பௌல்ஸை, 'இதை முயன்று பார்' என்று லவ்லிக்குக் காட்டிக்கொடுத்தார். ஒரு கிரிக்கெட் நடுவர், ஓட முடியாமல் போன ஒரு பெண்ணுக்கு, யாருக்கும் பெயர் தெரியாத ஒரு விளையாட்டை அறிமுகம் செய்கிறார். இந்தத் தங்கத்தின் தொடக்கப்புள்ளி அதுதான்.

2008-ல் தேசிய அளவிலான ஒரு போட்டியில் லவ்லி வென்றார். பரிசுத்தொகை 70,000 ரூபாய். அந்தப் பணம் கைக்கு வந்தபோதுதான், இந்த விளையாட்டைத் தொடரலாம் என்ற நம்பிக்கை வந்ததாக அவர் சொல்லியிருக்கிறார். நடுத்தரக் குடும்பத்துப் பெண்களுக்கு இது நன்றாகப் புரியும். 'விளையாட்டு விளையாட்டுன்னு போறியே, இதனால என்ன வரும்?' என்ற கேள்விக்கு, அவரிடம் முதன்முறையாக ஒரு பதில் இருந்தது.

கோலிக்குண்டும் கோணல் பந்தும்

சரி, லான் பௌல்ஸ் என்றால் என்ன?

தெருவில் கோலிக்குண்டு ஆடியவர்களுக்கு அடிப்படை சட்டென்று பிடிபடும். புல்தரையில் முதலில் ஒரு சின்னப் பந்தை உருட்டிவிடுவார்கள். அதன் பெயர் 'ஜாக்'. அது குறைந்தது 23 மீட்டர் தூரத்தில் போய் நிற்க வேண்டும். பிறகு இரண்டு அணிகளும் மாறி மாறி, தங்கள் பெரிய பந்துகளை அந்த ஜாக்குக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாக உருட்டி நிறுத்த வேண்டும். எல்லாப் பந்துகளும் உருட்டி முடிந்ததும், ஜாக்குக்கு மிக அருகில் யாருடைய பந்து இருக்கிறதோ அந்த அணிக்குப் புள்ளி. எதிரணியின் மிக நெருக்கமான பந்தைவிட அருகில் உங்கள் பந்துகள் எத்தனை இருக்கின்றனவோ, அத்தனை புள்ளிகள். ஒரு சுற்றில் ஒரு அணிக்கு மட்டும்தான் புள்ளி கிடைக்கும். இன்னொரு அணிக்கு பூஜ்யம்தான்.

கேட்க சுலபமாக இருக்கிறதா? இங்கேதான் சிக்கல். லான் பௌல்ஸ் பந்து முழு உருண்டை கிடையாது. ஒரு பக்கம் லேசாகச் சாய்வாக இருக்கும்படியே அதைச் செய்கிறார்கள். அதனால் அது நேர்க்கோட்டில் போகாது. கையிலிருந்து வேகமாகக் கிளம்பும்போது ஓரளவு நேராகப் போகும். வேகம் குறையக் குறைய, சாய்வு இருக்கும் பக்கம் வளைந்து திரும்பும். நிற்கப்போகும் நேரத்தில்தான் வளைவு அதிகம். ஆக, குறி ஜாக்கின் மேல் இருக்கக் கூடாது. ஜாக்கிலிருந்து சில அடி தள்ளி, வெறும் புல்லைப் பார்த்து உருட்ட வேண்டும். பந்து தானாக வளைந்து வந்து சேரும். சேர வேண்டும்!

பந்தின் எடை அதிகபட்சம் 1.59 கிலோ வரை இருக்கலாம். வீட்டில் இருக்கும் ஒன்றரைக் கிலோ புளிப் பொட்டலத்தைக் கையில் தூக்கிப் பாருங்கள், கணக்கு தெரியும். அதை 25, 30 மீட்டர் தூரத்துக்கு உருட்டி, நினைத்த இடத்தில் ஒரு சாண் தள்ளிப்போகாமல் நிறுத்த வேண்டும்.

இதில் தரையும் ஓர் எதிராளிதான். புல் எவ்வளவு கத்தரிக்கப்பட்டிருக்கிறது, ஈரம் இருக்கிறதா, வெயில் அடித்துக் காய்ந்திருக்கிறதா, காற்று எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்து பந்தின் வேகமும் வளைவும் மாறும். ஆஸ்திரேலியத் தரைகளில் பந்து வேகமாக ஓடும். இங்கிலாந்து, ஸ்காட்லாந்தின் ஈரத் தரைகளில் அதே தூரத்துக்குக் கூடுதல் பலம் கொடுக்க வேண்டும். ராஞ்சியில் பழகிய கை, லெமிங்டன் ஸ்பாவில் புதிதாகக் கணக்குப் போட்டாக வேண்டும்.

'லீட்' என்கிற பொறுப்பு

நால்வர் பிரிவில் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை. முதலில் உருட்டுபவர் 'லீட்'. அடுத்தவர் 'செகண்ட்'. மூன்றாமவர் 'தேர்ட்'. கடைசியாக உருட்டுபவர் 'ஸ்கிப்', அதாவது கேப்டன். மற்ற மூவரும் உருட்டும்போது ஸ்கிப் எதிர்முனையில் ஜாக்குக்குப் பக்கத்தில் நின்று, எந்தப் பக்கமாக, எவ்வளவு பலத்தோடு வர வேண்டும் என்று சைகை காட்டுவார். இந்திய அணியில் ரூபா ராணி திர்க்கி ஸ்கிப், நயன்மோனி சைகியா தேர்ட், பிங்கி செகண்ட், லவ்லி சௌபே லீட்.

கைத்தட்டல் பெரும்பாலும் ஸ்கிப்புக்குப் போகும். கடைசிப் பந்தில் எதிரணியின் பந்தைத் தட்டிவிட்டுப் புள்ளிகளை அள்ளுவது அவர்தான். லீட் செய்வது சமையலில் அடுப்பு பற்றவைப்பது மாதிரியான வேலை. யாரும் அதைப் பாராட்டுவதில்லை. ஆனால், அது சரியாக இல்லாவிட்டால் அடுத்தது எதுவும் நடக்காது.

ஜாக்கை உருட்டும் வாய்ப்பு தன் அணிக்கு வரும்போது, அதைக் கேப்டன் கேட்கும் தூரத்தில் கொண்டுபோய் நிறுத்துவது லீட்டின் முதல் வேலை. பிறகு தன் இரண்டு பந்துகளையும் ஜாக்குக்கு அருகில் சேர்த்துவிட வேண்டும். லீட்டின் பந்து நெருக்கமாகப் போய் உட்கார்ந்துவிட்டால், அழுத்தம் முழுக்க எதிரணியின் மேல் விழும். அது தள்ளிப்போய்விட்டால், பின்னால் வரும் மூவரும் அந்தத் தவற்றைச் சரிசெய்வதிலேயே தங்கள் பந்துகளைச் செலவழிக்க வேண்டியிருக்கும்.

ஒரு சுற்றுக்கு 2 பந்துகள், 15 சுற்றுகளுக்கு 30 பந்துகள். முப்பது முறையும் ஒரு சின்ன விரிப்பின் மேல் நின்று, ஒரு அடி எடுத்துவைத்து, குனிந்து, தரையை ஒட்டிக் கையை விட்டு, ஒரே சீராக உருட்ட வேண்டும். வெடித்துக் கிளம்பும் 100 மீட்டர் ஓட்டத்துக்கு நேர் எதிரான வேலை இது. 100 மீட்டரில் சில விநாடிகளில் எல்லாம் முடிந்துவிடும். இங்கே பந்து போய்ச் சேரும்வரை நின்று பார்ப்பதைத் தவிர உங்களால் எதுவும் செய்ய முடியாது. அந்தப் பொறுமையை லவ்லி தன் இரண்டாவது ஆட்டத்தில் கற்றுக்கொண்டார்.

நாலு பேர், நாலு விளையாட்டு

லவ்லி மட்டும் இப்படி வந்தவர் என்று நினைத்தால், மற்ற மூவரின் கதையையும் கேட்க வேண்டும்.

நயன்மோனி சைகியா, அஸ்ஸாமின் கோலாகாட் மாவட்டத்தைச் சேர்ந்த விவசாயக் குடும்பத்துப் பெண். பளுதூக்குதலில் தொடங்கியவர். காலில் ஏற்பட்ட காயம் பளுவை இறக்கிவைக்கச் சொன்னது. 2008-ல் லான் பௌல்ஸ் பக்கம் வந்தார். 2011-ல் ராஞ்சியில் நடந்த தேசிய விளையாட்டுப் போட்டியில் 2 தங்கம் வென்றார். பிறகு வனத்துறையில் வேலை.

ரூபா ராணி திர்க்கி ராஞ்சிக்காரர். கபடி ஆடிக்கொண்டிருந்தவர். பிங்கி கிரிக்கெட் ஆடியவர். ஓட்டம், பளுதூக்குதல், கபடி, கிரிக்கெட் என நாலு பேரும் நாலு திசையிலிருந்து வந்தவர்கள். அவர்களில் யாரும் சிறுமியாக இருந்தபோது லான் பௌல்ஸ் வீராங்கனை ஆவேன் என்று கனவு கண்டிருக்க வாய்ப்பில்லை. ஏனென்றால், அப்போது அந்தப் பெயரே இங்கே பலருக்குத் தெரியாது.

இந்தியாவில் இந்த ஆட்டம் ஆங்கிலேயர் காலத்து கிளப்களில் இருந்தது. கொல்கத்தாவின் ராயல் கால்கட்டா கோல்ஃப் கிளப் போன்ற இடங்களில் அதற்கென்று புல்தரை உண்டு. கிளப் உறுப்பினர்கள் மாலையில் ஆடும் ஆட்டமாக அது இருந்தது. கான்ஸ்டபிள்களும் விவசாயி மகள்களும் அந்தப் புல்லில் கால்வைக்க வேறொரு காரணம் தேவைப்பட்டது. அந்தக் காரணம், 2010 டெல்லி காமன்வெல்த் போட்டி.

போட்டியை நடத்தும் நாடு என்ற முறையில் இந்தியா லான் பௌல்ஸுக்கும் அணியை இறக்கியாக வேண்டும். டெல்லி ஜவஹர்லால் நேரு ஸ்டேடிய வளாகத்தில் புதிதாக ஆடுதளம் வந்தது. தேசிய விளையாட்டுப் போட்டிக்காக ராஞ்சியின் நாம்கும் பகுதியிலும் ஒரு ஆடுதளம் அமைந்தது. ஆட ஆள் தேவை. வேறு விளையாட்டுகளில் பழகிய, ஆனால் அங்கே இடம் கிடைக்காத அல்லது காயத்தால் வெளியேறிய பலர் இந்தப் பக்கம் திரும்பினார்கள். யாரோ கட்டிய ஒரு புல்தரை, அவர்களுக்கு இரண்டாவது வாழ்க்கையைக் கொடுத்தது.

யாரும் பார்க்காத பன்னிரண்டு ஆண்டுகள்

2010 டெல்லியில் பெண்கள் மூவர் பிரிவில் இந்தியா நான்காம் இடம் பிடித்தது. பதக்க மேடைக்கு ஒரு படி கீழே. ரூபா ராணியும் பிங்கியும் அந்த 2010 இந்திய அணியில் இருந்தவர்கள். 2018-ல் ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட் நகரில் நடந்த காமன்வெல்த் போட்டிக்குப் போன இந்தியக் குழுவில் லவ்லி, பிங்கி, நயன்மோனி, ரூபா ராணி நான்கு பேருமே இருந்தார்கள். அப்போதும் பதக்கம் இல்லாமல்தான் திரும்பினார்கள்.

நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் காமன்வெல்த். லான் பௌல்ஸ் ஒலிம்பிக்கில் கிடையாது. ஒலிம்பிக்கில் இல்லாத விளையாட்டுக்கு விளம்பரதாரர்கள் சுலபத்தில் வருவதில்லை. டிவி ஒளிபரப்பும் அரிது. ஒரு காமன்வெல்த்தில் தோற்றால் அடுத்த வாய்ப்புக்கு நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அதுவரை காலையில் பயிற்சி, பிறகு டியூட்டி. விடுப்புக்கு விண்ணப்பம். ஊரில் யாராவது 'என்ன விளையாடுறே?' என்று கேட்டால், ஆட்டத்தின் பெயரைச் சொல்லி, விளக்கமும் சொல்லி, அவர்கள் முகத்தில் தெரியும் குழப்பத்தையும் பார்க்க வேண்டும்.

பந்துகூட இங்கே தெருமுனைக் கடையில் கிடைக்காது. லான் பௌல்ஸ் பந்து தயாரிப்பில் பழம் பெயர்கள் எல்லாம் கிளாஸ்கோ, மெல்போர்ன் போன்ற ஊர்களில்தான் இருக்கின்றன. கைக்குப் பொருந்தும் அளவு, பிடிமானம், சாய்வின் அளவு எல்லாம் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இந்தப் பெண்களைத் தாங்கிப் பிடித்ததில் அரசு வேலைக்குப் பெரிய பங்கு உண்டு. போலீஸ், வனத்துறை, பள்ளி, விளையாட்டுத் துறை. மாதச் சம்பளம் வரும் ஒரு வேலை இருந்ததால்தான், பணம் வராத ஒரு விளையாட்டை அவர்களால் பத்தாண்டுகளுக்கு மேல் பிடித்துக்கொண்டிருக்க முடிந்தது. இந்தியாவில் பிரபலமாகாத விளையாட்டுகளை ஆடும் பெண்கள் பலருக்கும் நிலைமை இதுதான்.

அந்த ஆண்டுகளில் ராஞ்சி ஆடுதளத்துக்கு வந்து இவர்களைப் பார்த்த ஒரு பிரபலம் உண்டு. நம்ம 'தல' தோனி! லவ்லியின் பயிற்சியாளருக்கு அறிமுகமானவர் தோனி. ராஞ்சிக்கு அருகில் இருக்கும் தேவ்ரி அம்மன் கோயிலுக்குப் போகும்போது இந்த மைதானத்துக்கும் வந்து, இவர்களோடு லான் பௌல்ஸ் பற்றிப் பேசியிருக்கிறார் என்று பர்மிங்ஹாமில் செய்தியாளர்களிடம் லவ்லி சொன்னார். சொந்த ஊர்க்காரர்கள் பலருக்கே தெரியாமல் இருந்த மைதானம் தோனிக்குத் தெரிந்திருந்தது.

பர்மிங்ஹாம்: தோல்வியிலிருந்து தங்கம் வரை

2022 காமன்வெல்த்தில் இந்தப் பெண்களைப் பதக்கக் கணக்கில் யாரும் எழுதிவைக்கவில்லை. பளுதூக்குதல், பேட்மின்டன், மல்யுத்தம் என்று எல்லோரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

குரூப் சுற்றில் இங்கிலாந்திடம் 9-18 என்று தோற்றார்கள். சொந்த மண்ணில் ஆடும் அணியிடம் இரண்டு மடங்கு வித்தியாசம். ஆனால், குக் தீவுகளை 15-9 என்றும், கனடாவை 17-7 என்றும் வென்று காலிறுதிக்கு வந்தார்கள். காலிறுதியில் நார்ஃபோக் தீவு அணியை 19-9 என்று தாண்டினார்கள்.

அரையிறுதியில் எதிரே நின்றது நியூசிலாந்து. ஊருக்கு ஊர் பௌலிங் கிளப் இருக்கும் நாடு. பிள்ளைகள் தாத்தா பாட்டியோடு போய்ப் பழகும் ஆட்டம் அது. தொடக்கத்திலேயே நியூசிலாந்து 5-0 என்று முன்னால் போய்விட்டது. இப்படி ஒரு தொடக்கத்துக்குப் பிறகு பெரும்பாலான அணிகள் பதற்றத்தில் பலத்தைக் கூட்டி உருட்டும், இருப்பதையும் கெடுத்துக்கொள்ளும். இந்தியப் பெண்கள் ஒவ்வொரு புள்ளியாகத் துரத்தினார்கள். முடிவு, 16-13. காமன்வெல்த் பெண்கள் நால்வர் இறுதிப்போட்டிக்கு இந்தியா போனது அதுதான் முதல் முறை.

அடுத்த நாள் தென்னாப்பிரிக்காவுடன் இறுதி. இந்த முறை கதை தலைகீழ். இந்தியா 8-2 என்று முன்னிலை பெற்றது. சுலபமாக முடிந்துவிடும் என்று தோன்றிய நேரத்தில் தென்னாப்பிரிக்கா மெல்ல மெல்ல நெருங்கி வந்து, 10-8 என்று முந்தியும் விட்டது. கைக்கு வந்தது நழுவிப்போகும் நேரம். அதற்கடுத்த சுற்றில் 2 புள்ளிகள் எடுத்து இந்தியா 10-10 என்று சமன் செய்தது. மிச்சம் மூன்று சுற்றுகள்.

அந்த மூன்றிலும் லவ்லி முதலில் உருட்டினார். பிங்கி, நயன்மோனி, ரூபா ராணி என்று வரிசையாகத் தொடர்ந்தார்கள். 2, 3, 2 என 7 புள்ளிகள். தென்னாப்பிரிக்காவுக்கு ஒன்றும் இல்லை. 17-10. நாலு பேரும் கட்டிப்பிடித்து அழுத காட்சி அன்று இரவு நாடு முழுக்க ஓடியது.

இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். 8-2 முன்னிலையை இழந்த பிறகு ஒரு அணி உடைந்துபோவது சகஜம். இந்த நால்வரும் உடையவில்லை. உடம்பு கைவிட்டு, முதல் விளையாட்டே கையைவிட்டுப் போன அனுபவம் லவ்லிக்கும் நயன்மோனிக்கும் இருக்கிறது. 2010 முதல் தோற்றுத் திரும்பிய அனுபவம் ரூபா ராணிக்கும் பிங்கிக்கும் இருக்கிறது. போனதை நினைத்து நிற்காமல் அடுத்த பந்தைக் கையில் எடுப்பது அவர்களுக்குப் பழகிய வேலை.

தங்கத்துக்குப் பிறகு

நான்கு நாள்கள் கழித்து, ஆகஸ்ட் 6-ம் தேதி, சுனில் பகதூர், நவ்நீத் சிங், சந்தன் குமார் சிங், தினேஷ் குமார் அடங்கிய இந்திய ஆண்கள் நால்வர் அணியும் இறுதிப்போட்டிக்குப் போய் வெள்ளி வென்றது. வடக்கு அயர்லாந்திடம் 5-18 என்று தோற்றாலும், ஒரே போட்டியில் லான் பௌல்ஸுக்கு 2 பதக்கம்.

நயன்மோனிக்கு 2022-க்கான அர்ஜுனா விருது கிடைத்தது. 2023-க்கான அர்ஜுனா விருதுப் பட்டியலில் பிங்கியின் பெயர் இருந்தது. கிரிக்கெட், பேட்மின்டன் பெயர்களுக்கு நடுவே லான் பௌல்ஸும் இடம்பிடித்தது.

ஒரு தங்கத்தால் எல்லாம் மாறிவிடாது என்பதும் உண்மை. இந்த ஆட்டத்துக்கு சர்வதேசத் தரத்தில் ஆடுதளம் இருக்கும் ஊர்களை இந்தியாவில் விரல்விட்டு எண்ணிவிடலாம். புல்லை மில்லிமீட்டர் கணக்கில் கத்தரித்து, சமமாகப் பராமரிக்க வேண்டும். தண்ணீர், ஆள், பணம் எல்லாம் வேண்டும். பராமரிப்பை விட்டுவிட்டால் சில மாதங்களில் அது வெறும் புல்வெளி ஆகிவிடும்.

அதே நேரம், காமன்வெல்த் பக்கம் இந்த விளையாட்டுக்கு நல்ல இடம் இருக்கிறது. 1930-ல் கனடாவின் ஹாமில்டனில் நடந்த முதல் போட்டியிலிருந்தே இது உண்டு. 1966-ல் கிங்ஸ்டனில் மட்டும்தான் விடுபட்டது. பெண்கள் பிரிவு 1982 பிரிஸ்பேன் போட்டியில் வந்தது. 2026 கிளாஸ்கோ போட்டிக்காகச் செலவைக் குறைக்க ஹாக்கி, பேட்மின்டன், மல்யுத்தம், கிரிக்கெட் எல்லாவற்றையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். இந்தியா பதக்கம் அள்ளும் விளையாட்டுகள் அவை. ஆனால் லான் பௌல்ஸ் பட்டியலில் நீடித்தது, அதுவும் உள்ளரங்கில் ஆடும்படி. 2030 காமன்வெல்த் போட்டியை நடத்தும் வாய்ப்பு அகமதாபாத்துக்குக் கிடைத்திருக்கிறது. டெல்லி 2010 ஒரு தலைமுறைக்குப் புல்தரை கொடுத்தது மாதிரி, இதுவும் யாருக்காவது கொடுக்கலாம்.

நாற்பதிலும் திறந்திருக்கும் கதவு

லவ்லியின் கதையில் நம் வீடுகளுக்கும் ஒரு சேதி இருக்கிறது.

நம் ஊரில் பெண்களின் விளையாட்டுக்கு ஒரு கெடு வைத்திருக்கிறோம். பள்ளி முடியும்வரை, மிஞ்சிப்போனால் கல்லூரி வரை. அப்புறம் வேலை, கல்யாணம், குழந்தை. பரணில் கிடக்கும் ஸ்பைக்ஸும், ஷோகேஸில் தூசி படிந்த கோப்பையும்தான் மிச்சம். காயம் பட்டு நின்றுவிட்டால் இன்னும் சுலபம். 'நல்லதாப் போச்சு, இனிமேலாவது வீட்டைப் பாரு' என்று சொல்ல நாலு பேர் இருப்பார்கள்.

லவ்லிக்கு ஓட்டம் முடிந்த இடத்தில் கதை முடியவில்லை. ஒரு பெரியவர் வேறொரு கதவைக் காட்டினார். அந்தக் கதவுக்குப் பின்னால் உடனே தங்கம் இருக்கவில்லை. 2008-ல் வென்ற 70,000 ரூபாய்க்கும் 2022-ல் வென்ற தங்கத்துக்கும் நடுவே 14 ஆண்டுகள். போலீஸ் வேலையும் பயிற்சியும் சேர்ந்தே நடந்த ஆண்டுகள்.

உங்கள் வீட்டில் காயத்தாலோ, அணியில் இடம் கிடைக்காமலோ விளையாட்டை விட்ட மகளோ, தங்கையோ, மருமகளோ இருக்கலாம். அவருக்குப் பழைய ஆட்டத்தைத் திருப்பிக்கொடுக்க யாராலும் முடியாமல் போகலாம். ஆனால் அந்தக் கையிலும் கண்ணிலும் இருக்கும் பழக்கம் எங்கேயும் போய்விடுவதில்லை. பயிற்சியாளராகவோ, நடுவராகவோ, வேறொரு விளையாட்டின் வீராங்கனையாகவோ அது வேலை செய்யும். அதைக் கவனித்து 'இதை முயன்று பாரேன்' என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். லவ்லிக்கு அது ஒரு கிரிக்கெட் நடுவர். உங்கள் வீட்டில் அது நீங்களாக இருக்கலாம்.